தக்காளிக்கு எத்தனை அறைகள்?

கெட்டிக்காரக் கண்மணியே, வீட்டில் தக்காளி நறுக்கும்போது பக்கத்தில் போய் நில். குறுக்கே வெட்டித் தரச் சொல். உள்ளே சாறும் விதையுமாக அறைகள் தெரிகின்றனவா? எண்ணிப் பார்.

சின்னச் செர்ரித் தக்காளியில் பெரும்பாலும் 2 அறைகள்தான். பெரிய குண்டுத் தக்காளிகள் சிலவற்றில் 8-க்கு மேலும் இருக்கும். “ஏன் அப்படி?” என்று கேட்கிறாயா? சபாஷ், நல்ல கேள்வி!

பதில் செடியின் நுனிக்குருத்தில் இருக்கிறது. அங்கே குருத்தணுக்கள் என்னும் செல்கள் கூட்டமாக வாழ்கின்றன. இலை, தண்டு, பூ எல்லாம் அவற்றிலிருந்து பிறப்பவைதாம். கூட்டம் தீர்ந்துபோனால் செடி வளராது. அளவுக்கு மிஞ்சினால் நுனி தடித்துவிடும். செடிக்கு மூளை கிடையாதே, யார் அளவு பார்ப்பது?

செல்களே பார்த்துக்கொள்கின்றன! குருத்தணுக்கள் கிளாவாட்டா 3 என்ற குட்டிப் புரதத் துண்டை வெளியே அனுப்புகின்றன. கீழே இருக்கும் செல்களின் சவ்வில் கிளாவாட்டா 1 என்ற பெரிய புரதம் காத்திருக்கிறது. அது ஓர் ஏற்பி கைனேஸ்.

உங்கள் வீட்டு அழைப்பு மணியை நினைத்துக்கொள். பொத்தான் வெளியே, மணி உள்ளே. ஏற்பி கைனேஸும் அப்படித்தான். அதன் ஒரு முனை செல்லுக்கு வெளியே, மறுமுனை உள்ளே. வெளியே கிளாவாட்டா 3 வந்து ஒட்டினால் உள்முனை விழித்துக்கொள்ளும். கைனேஸின் வேலை, மற்றப் புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது. பாஸ்பேட் ஒட்டியதும் அந்தப் புரதத்தின் நடத்தை மாறும். செய்தி இப்படிக் கைமாறி உள்ளே போகும்.

என்ன செய்தி? “போதும், குறைத்துக்கொள்!” என்பதுதான். உடனே வூஷெல் என்ற புரதம் குறைகிறது. குருத்தணுக்களைக் காத்து வளர்ப்பது வூஷெல். அது குறைந்தால் கூட்டமும் குறையும். கூட்டம் குறைந்தால் “போதும்” என்ற செய்தியும் குறையும். மறுபடி வூஷெல் கூடும். புரிந்ததா? இல்லையென்றால் இன்னொரு முறை மெதுவாகப் படி, அவசரமே இல்லை.

கிளாவாட்டா 1 ஓர் ஏற்பி கைனேஸ் என்பதை 1997-இல் ஸ்டீவன் கிளார்க், எலியட் மேயரோவிட்ஸ் ஆகியோரின் குழு கண்டறிந்தது. அவர்கள் ஆராய்ந்தது கடுகின் உறவான அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியை.

இப்போது தக்காளிக்கு வருவோம். தென் அமெரிக்காவின் காட்டுத் தக்காளி மிகச் சிறியது. அதற்கு 2 அறைகள். பெரிய பழம் காய்த்த செடியின் விதையை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்தார்கள். அப்படி வந்த குண்டு ரகங்கள் சிலவற்றில் கிளாவாட்டா 3 குறைவாகவே உண்டாகிறது. இதை அமெரிக்காவில் சாக்கரி லிப்மன் குழு 2015-இல் விளக்கியது. “போதும்” என்ற செய்தி பலவீனமானதால் நுனி அகன்றது, பூ பெருத்தது, பழத்தில் அறைகள் கூடின.

அடுத்து வெண்டைக்காய், இது உன் முறை. பத்துக் காய்களைக் குறுக்கே நறுக்கித் தரச் சொல். அறைகளை எண்ணி நோட்டில் குறித்து வை. எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையா?