கிராஃபீன் உறைக்குள் ஒரு துளி

ஒன்பதாம் வகுப்பில் நுண்ணோக்கிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், தண்ணிக்குள்ள அணு நகர்றதைப் பார்க்க முடியுமா?" முடியாது என்றேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம். அங்கே நீர் உடனே ஆவியாகிவிடும் என்று காரணமும் சொன்னேன். காரணம் சரிதான். பதில்தான் தவறு என்பது பின்னர் படித்தபோது தெரிந்தது.

நீரை இரண்டு சிலிக்கான் நைட்ரைடு சாளரங்களுக்கு இடையில் அடைத்துப் பார்க்கும் முறை முன்பே இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சாளரங்கள் பல பத்து நானோமீட்டர் தடிமன் உள்ளவை. எலக்ட்ரான்கள் அவற்றிலேயே சிதறிவிடும். உள்ளே இருக்கும் நுண்துகள் மங்கலாகத் தெரியும்.

2012இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாளரத்திற்குப் பதிலாகக் கிராஃபீனைப் பயன்படுத்தினார்கள். நம் பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டின் ஒரே ஓர் அடுக்குதான் கிராஃபீன். தடிமன் ஏறத்தாழ 0.34 நானோமீட்டர். கார்பன் அணுக்கள் அறுகோண வலையாகப் பின்னியிருந்தாலும் அந்தக் கண்களை எலக்ட்ரான் மேகம் நிரப்பியிருப்பதால் ஹீலியம்கூட நுழைய முடியாது. அவ்வளவு மெல்லியது, அவ்வளவு இறுக்கமானது!

இரண்டு கிராஃபீன் தாள்களுக்கு நடுவே பிளாட்டினம் உப்புக் கரைசலை விட்டால், தாள்கள் வான்டர் வால்ஸ் விசையால் ஒட்டிக்கொள்ளும். இடையிடையே மிகச் சிறிய திரவப் பைகள் சிக்கிக்கொள்ளும். சோமாசி போலத்தான், ஓரத்தை அழுத்த மட்டும் யாரும் தேவையில்லை. அந்தப் பைகளுக்குள் பிளாட்டினம் நானோபடிகங்கள் வளர்வதையும், இரண்டு படிகங்கள் நெருங்கி ஒன்றாக இணைவதையும் அணு அளவில் அவர்கள் பார்த்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வகுப்பில் அதை மறைக்க வேண்டாம். கரைசலிலிருந்து பிளாட்டினத்தைப் பிரிப்பதே பார்க்கப் பயன்படும் எலக்ட்ரான் கற்றைதான். அதாவது, பார்ப்பதே வினையைத் தொடங்கி வைக்கிறது.

பாலித்தீன் தாள் இரண்டின் நடுவே மைத்துளி விட்டு அழுத்திக் காட்டினேன். மை சிறு சிறு திட்டுகளாகச் சிக்கியது. பாலித்தீன் வழியே வாயு மெல்லக் கசியும், கிராஃபீனில் கசியாது என்ற வேறுபாட்டையும் சொன்னேன். பிறகு, அன்று நான் சொன்ன பதில் தவறு என்று அந்த மாணவியிடம் சொன்னேன்.

"அப்போ பாக்டீரியாவை உயிரோட வெச்சுப் பார்க்கலாமா சார்?" என்றாள்.

உறை நீரைக் காக்கும். எலக்ட்ரான் கற்றையிலிருந்து உயிரைக் காக்காது என்றேன். இந்த முறை படித்துவிட்டுத்தான் சொன்னேன்.