வடக்கும் தெற்கும் கூடும் மணத்தலம்

பெண் நெல்லைச் சீமை. பிள்ளை இமயத்து மலைநாடு. இத்தகைய சம்பந்தங்கள் இன்று எவரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. ஜாதகம் பொருந்தி இரு வீட்டாரும் மனமொப்பிய பிறகுதான் சிக்கலான கேள்வி எழுகிறது: திருமணத்தை எங்கே நடத்துவது? பெண்ணின் ஊரில் நடந்தால் பிள்ளை வீட்டார் விருந்தினராகவே நிற்பர். அங்கே நடந்தால் பெண்ணின் சுற்றத்தார் மொழி புரியாமல் ஓரமாக அமர்ந்திருப்பர். இருவருக்கும் உரிமையுள்ள ஒரு தலத்தைத் தேடுவோர் பலரின் நாட்டம் அண்மைக் காலமாகத் திரியுகி நாராயண் ஆலயத்தின்பால் செல்கிறது.

உத்தராகண்ட் மாநிலம் ருத்ரபிரயாகை மாவட்டத்தில், ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் அமைந்த திருமால் ஆலயம் இது. கேதார்நாத் செல்லும் வழியிலுள்ள சோன்பிரயாகையிலிருந்து சாலை வழியே சுமார் 12 கி.மீ. சிவபெருமான் பார்வதி தேவியின் கரம் பற்றியது இங்கேதான் என்பது தலபுராணம். நான்முகன் புரோகிதராக அமர, திருமால் மணமகளின் தமையனாக நின்றாராம். அன்று மூட்டிய வேள்வித் தீ மூன்று யுகங்களாக அணையாமல் எரிவதாக ஐதிகம். தலத்தின் பெயரும் அதனால் வந்ததே. பக்தர்கள் அத்தீயில் விறகிட்டு, சாம்பலைப் பிரசாதமாக எடுத்துச் செல்கின்றனர்.

தமையனாக நிற்கும் திருமாலை மதுரையில் கண்டவர்களுக்கு இக்கதை அந்நியமாகுமா? மீனாட்சியம்மையைத் தாரை வார்த்துக் கொடுப்பவரும் அவரே அல்லவா! மணமகளின் கையில் உடன்பிறந்தான் பொரியிடும் சடங்கு வடக்கிலும் உண்டு, தெற்கிலும் உண்டு. ஆண்டாள் நாச்சியார் கண்ட கனவிலும் அது இடம்பெறுகிறது. அக்கினி சாட்சியும் ஏழடி நடத்தலும் அவ்வாறே இரு தரப்புக்கும் பொது.

வேறுபடும் இடங்களைத்தான் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். நமக்குத் திருமாங்கல்ய தாரணமே உச்சம். அவர்களுக்கு வகிட்டில் செந்தூரம் இடுவதும் தீவலமும். நாம் விடியற்காலை முகூர்த்தத்தை விரும்புவோம்; வடக்கே இரவு முகூர்த்தம் பெருவழக்கு. இரு வீட்டுப் புரோகிதர்களும் முன்னரே கலந்து பேசி வரிசையை எழுதி வைத்துக்கொள்வது நலம். மேடையில் வைத்துத் தீர்மானிக்கலாம் என்று விட்டால் மனத்தாங்கலே மிஞ்சும்.

மாதத் தேர்வு அதனினும் நுட்பமானது. நமக்குப் பங்குனி மங்கல மாதம். வடக்கே சூரியன் மீனத்தில் நிற்கும் அக்காலத்தில் விவாகம் செய்வதில்லை. ஐப்பசியில் நாம் நாள் குறிப்போம்; அவர்கள் உத்தான ஏகாதசி வரை காத்திருப்பார்கள். மார்கழியை இருவருமே விலக்குகிறோம். வைகாசி இருவருக்கும் உகந்ததுதான். ஆனால் அது கேதார யாத்திரையின் நெரிசல் காலம். ஆடி, ஆவணியில் மழையும் மண்சரிவும். தை மாதத்தில் பனிப்பொழிவு. யமத்துவிதியையன்று கேதார்நாத் நடை அடைத்தபின் வரும் கார்த்திகையே எஞ்சுகிறது. கூட்டம் குறைந்திருக்கும், இரவுக் குளிர் மட்டும் எலும்பைத் துளைக்கும்.

அந்தக் குளிரில் பாட்டியை எப்படி அழைத்துச் செல்வது? ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ முழுப் பகல் மலைப்பாதைப் பயணம். மூட்டு வலியும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களை வற்புறுத்தலாகாது. அதற்காகக் குறைபடவும் வேண்டியதில்லை. கயிலைத் திருமணத்துக்கு உலகமே திரண்டதால் வடபுலம் தாழ, அகத்திய முனிவரைத் தெற்கே செல்லுமாறு இறைவன் பணித்த கதை நமக்குத் தெரியும். திருமணத்தைக் காண முடியாத முனிவருக்கு அம்மையப்பர் தாமே வந்து மணக்கோலம் காட்டினர். வேதாரண்யத்தில் மூலலிங்கத்துக்குப் பின்னே அக்கோலத்தை இன்றும் தரிசிக்கலாம். பாபநாசத்தில் ஆண்டுதோறும் சித்திரை விசுவன்று அக்காட்சி விழாவாக நடைபெறுகிறது.

ஆகவே மலையேறும் குடும்பங்கள், ஊர் திரும்பியதும் பாபநாசத்திலோ வேதாரண்யத்திலோ மணமக்களைப் பெரியவர்கள் முன் நிறுத்தும் ஒரு நாளையும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடலாம். அக்கினிகுண்டத்துச் சாம்பலைப் பாட்டியின் கையால் அன்று மணமக்களின் நெற்றியில் இடச் சொல்லலாம்.