ஒரே மக்களுக்கு இரண்டு பட்டம்!

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கம் போனால், மலைச் சரிவெல்லாம் பச்சைப் பசேல் என்று தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் பல, இலங்கையிலிருந்து திரும்பி வந்தவை.

அவர்கள் பேசுவது தமிழ். கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் அவர்களுக்கு ஒரு பட்டம் உண்டு. "சிலோன்காரர்!"

இலங்கையில் இருந்தபோது இதே மக்களுக்கு வேறு பட்டம். "கள்ளத்தோணி!"

இரண்டும் வெறுப்பில் பிறந்த சொற்கள்தான். ஆனால் இரண்டும் ஒன்றா? இல்லை. இங்கே கேட்டது ஊர் வெறுப்பு. அங்கே கேட்டது இன வெறுப்பு.

பறிபோன ஓட்டு

வெள்ளைக்காரர் ஆட்சியில், தமிழ்நாட்டு ஏழை மக்கள் இலங்கை மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனார்கள். முதலில் காப்பி பயிர் செய்தார்கள். பிறகு தேயிலை. அங்கேயே பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் பிறந்தார்கள்.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் குடியுரிமைச் சட்டம் வந்தது. "நீ இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்தவனா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா?" என்று அந்தச் சட்டம் கேட்டது.

தோட்ட லயத்தில் பிறந்தவர், பாட்டனின் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவார்? பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். மறு ஆண்டே ஓட்டும் போயிற்று.

சட்டத்தில் "தமிழர்" என்ற சொல்லே கிடையாது. ஆனால் அடி விழுந்தது மலையகத் தமிழர் மேல்தான்!

கப்பலில் வந்தவர்கள்

1964 அக்டோபர் 30-ந் தேதி சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவாயிற்று.

தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க, நீலகிரியில் தமிழக அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. அதுதான் "டான்டீ".

இங்கே சட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டது. குடியுரிமையும் ஓட்டும் கிடைத்தன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சிலர் ஏற்கவில்லை. "வேலைக்குப் போட்டியாக வந்தவர்கள்" என்றார்கள்.

வித்தியாசம் என்ன?

ஊர் வெறுப்பு, "எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்கிறது. இன வெறுப்பு, "யாருக்குப் பிறந்தாய்?" என்று கேட்கிறது. ஊர் மாறலாம். பேச்சு வழக்கும் மாறலாம். பிறப்பை மாற்ற முடியுமா?

இந்திய அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, "இனம்", "பிறந்த இடம்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறது. எதை வைத்தும் குடிமக்களிடம் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது.

அரசியல் மேடைப் பேச்சையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். "அவர் வெளியூர்க்காரர், அவருக்கு ஓட்டுப் போடாதே" என்றால் அது ஊர் வெறுப்பு. "அந்தக் கூட்டமே பிறவியிலேயே மோசம். அவர்களுக்கு ஓட்டே இருக்கக் கூடாது" என்றால் அது இன வெறுப்பு. முதல் பேச்சு மனத்தைப் புண்படுத்தும். இரண்டாவது பேச்சு வாழ்வையே பறிக்கும்.

ஆனால் முதல் பேச்சைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடலாமா? கூடாது. இரண்டாவது பேச்சுக்கு அதுவே முதல் படி.

2003-ல் இலங்கை புதுச் சட்டம் செய்தது. அங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. பறித்ததைத் திருப்பிக் கொடுக்க 55 ஆண்டுகள் ஆயின.

"சிலோன்காரர்" என்ற பட்டத்தை எடுக்க எந்தச் சட்டமும் வராது. அதை அக்கம் பக்கத்தார்தான் விட வேண்டும். அதற்கு 55 ஆண்டு தேவையில்லை. ஒரு நாள் போதும்!