கோடை வெயிலும் காற்செருப்பும்

சோளகம் வீசும் மாதங்களில் வன்னி மண் கொதிக்கும். பலரும் மெல்லிய றப்பர் செருப்போடுதான் திரிகிறோம். வெறுங்காலைவிட அது எவ்வளவோ மேல். ஈரமண்ணில் கிடக்கும் கொழுக்கிப்புழு உள்ளங்காலைத் துளைத்து எளிதில் ஏறாது. ஆனால் குதிக்கால் திறந்தே கிடப்பதால் தோல் வரண்டு வெடிக்கிறது. தேய்ந்த அடியை முள்ளும் ஆணியும் ஊடுருவும். நெடுந்தூரம் நடப்போருக்குத் தடித்த அடியும் பின்வாரும் உள்ள செருப்பே நல்லது. ஒரு சோடியை வீட்டார் மாறி மாறிப் போட்டால் சேற்றுப்புண்ணும் கூடவே மாறும்!

இரவில் காலைக் கழுவி, விரலிடைகளை ஈரமின்றித் துடைத்து, குதிவெடிப்பில் தேங்காயெண்ணெய் பூசுங்கள். ஆணி குத்தினால் ஏற்பு ஊசிக்கு ஆஸ்பத்திரி செல்லுங்கள். நீரிழிவுள்ளோரின் மரத்த கால் சூட்டையும் புண்ணையும் உணராது. அவர்கள் தினமும் உள்ளங்காலைப் பிள்ளைகளிடம் காட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.