உப்பு நீரும் மிளகாய்ச் செடியும்

வேதாரண்யத்தை அடுத்த கடலோரச் சிற்றூரில் நான் ஆசிரியனாய் இருந்தபோது, கொல்லையில் மிளகாய் நட்டேன். கிணற்று நீர் சற்றே கரிக்கும். நாள் தவறாமல் ஊற்றியும் செடிகள் வாடின. ஈர மண்ணில் நிற்கும் செடிக்குத் தாகம் தீராதது ஏன்?

மாணவர்களே, மாவடு ஊறுவதைக் கண்டிருப்பீர்கள். உப்புப் பட்ட வடு, நீரைக் கசியவிட்டுச் சுருங்குகிறது. வேரைச் சூழ்ந்த உப்பும் அவ்வாறே நீரைச் செடிக்கு விடாது பிடித்துக்கொள்கிறது. செடியும் சும்மா இருப்பதில்லை. தன் உயிரணுக்களில் சர்க்கரையையும் புரோலின் என்னும் அமினோ அமிலத்தையும் பெருக்கி, நீரைத் தன்பால் இழுக்கிறது, இலைத்துளைகளைச் சுருக்குகிறது, சோடியத்தை இயன்றமட்டும் வேரிலும் அடித்தண்டிலும் தடுத்து வைக்கிறது. இம்முயற்சியில் வளர்ச்சி குன்றும். தடையை மீறி ஏறிய உப்பு இலையோரத்தைக் கருக்கிவிடும்.

மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளப்பர். 1977இல் மாஸ், ஹாஃப்மன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வெளியிட்ட அட்டவணைப்படி, மீட்டருக்கு 1.5 டெசிசீமன்சுக்கு மேல் மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்கும். நெல்லுக்கு அவ்வெல்லை 3. நெல்லே பொறுமைசாலி!

அடுத்த வீட்டு விவசாயி அட்டவணை எதையும் படித்தவரல்லர். பாரின் உச்சியில் நடாமல் சரிவில் நடச் சொன்னார். வாய்க்கால் நீர் மண்வழி உச்சிக்கு ஏறி ஆவியாக, உப்பு அங்கேயே தங்கிவிடும் அன்றோ? கார்த்திகை மழை மண்ணைக் கழுவிய பின், தை மாதத்தில் அவ்வாறே நட்டேன். காய்கள் சிறியனவே, ஆனால் செடிகள் பிழைத்தன.