தூதர் முத்தம்மா தொடுத்த வழக்கு

1948ல் யு.பி.எஸ்.சி. தேர்வெழுதி நேர்முகத்துக்குப் போனார் குடகுப் பெண் சி.பி. முத்தம்மா. வெளியுறவுப் பணி பெண்களுக்கு ஒத்துவராது என்று சொல்லி அவர் மனத்தை மாற்றப் பார்த்தது தேர்வுக் குழு. அவர் மசியவில்லை. ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர், சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்துத் தேறியவர். 1949ல் இந்திய வெளியுறவுப் பணியில் (ஐ.எஃப்.எஸ்.) சேர்ந்த முதல் பெண் ஆனார்.

சேரும்போதே ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுகிறேன் என்பது அதன் சாரம். ஆண் அதிகாரிகள் எவரிடமும் அப்படியொரு தாள் நீட்டப்படவில்லை.

அது வெறும் சம்பிரதாயமும் அல்ல. முத்தம்மாவின் காலத்திலேயே பணியில் சேர்ந்தவர் ரமா மேத்தா. சக அதிகாரி ஜகத் மேத்தாவை மணந்ததும் அவர் விலக நேர்ந்தது. கணவர் படிப்படியாக உயர்ந்து 1976ல் வெளியுறவுச் செயலாளரானார். ரமா எழுதப் போனார். 'இன்சைட் தி ஹவேலி' நாவலுக்கு 1979ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒரே வேலைக்குத் தகுதி பெற்ற இருவரில் ஒருவருக்கு மட்டும் கதவை அடைத்தது அந்த விதி.

எப்படிப்பட்ட வேலை அது? ஐ.எஃப்.எஸ். அதிகாரிக்குப் பயிற்சி முடிந்ததும் அரபு, ரஷ்யன், சீனம், பிரெஞ்சு என்று ஏதேனும் ஒரு மொழியை ஒதுக்குகிறார்கள். அதைக் கற்றுத் தேர்வில் தேறினால்தான் பணி உறுதியாகும். மூன்றாம் செயலராகத் தொடங்கி, இரண்டாம் செயலர், முதல் செயலர், கவுன்சிலர் என்று ஏறித் தூதராக வேண்டும். காமன்வெல்த் நாடுகளில் தூதருக்கு ஹை கமிஷனர் என்று பெயர். பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒரு நாடு, நடுநடுவே டெல்லித் தலைமையகம். விருந்துகளும் பேச்சுவார்த்தைகளும்தான் வெளியே தெரிகின்றன. பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் பயணி, சிறையில் கிடக்கும் தொழிலாளி, இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்பச் சொல்லிக் கதறும் குடும்பம் என்று அன்றாடம் வந்து நிற்பவர்களையும் தூதரகம்தான் கவனிக்கிறது. தூதராக ஒருவரை அனுப்புமுன் அந்த நாட்டின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும். மறுத்தால், அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அந்த நாட்டுக்கு இல்லை என்கிறது 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை.

அதே 1961ல் இந்திய அரசு வகுத்த பணி விதிகளைப் படித்தால் இன்றும் கோபம் வரும். பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். குடும்பப் பொறுப்புகள் வேலையைக் கெடுக்கும் என்று அரசு கருதினால் அவரை ராஜினாமா செய்யச் சொல்லலாம். திருமணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோரவே முடியாது.

முத்தம்மா திருமணம் செய்துகொள்ளவில்லை. பாரிஸ், ரங்கூன், லண்டன் என்று பணியாற்றி, 1970ல் ஹங்கேரிக்குத் தூதராகப் போனார். அவருக்கு முன்பே விஜயலட்சுமி பண்டிட் தூதராக இருந்திருக்கிறார். ஆனால் அது அரசியல் நியமனம். பணிக்குள்ளிருந்தே உயர்ந்து தூதரான முதல் இந்தியப் பெண் முத்தம்மாதான்.

அடுத்த படிக்கான பதவி உயர்வு வந்தபோது அவரைத் தள்ளிவிட்டு, அவருக்குப் பின்னால் வந்தவர்களை மேலே ஏற்றினார்கள். தூதர் பதவியில் இருப்பவர் தன் அரசையே எதிர்த்து வழக்குப் போடுவது சாதாரணக் காரியமா? முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார்.

வழக்கு வந்ததும் காற்று மாறியது. தீர்ப்புக்கு முன்பே பதவி உயர்வு கிடைத்துவிட்டது. விதிகளில் ஒன்று 1973லேயே நீக்கப்பட்டது, இன்னொன்றும் நீக்கப்படவிருக்கிறது என்றது அரசுத் தரப்பு. 1979 செப்டம்பரில் தீர்ப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், அதோடு கோப்பை மூடிவிடவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் ஆணுக்கும் அது பொருந்தாதா என்று கேட்டார். மனு தள்ளுபடியானாலும் பிரச்சினை தள்ளுபடியாகவில்லை என்றார். பணி விதிகள் அனைத்தையும் துழாவிப் பாகுபாட்டைக் களைய வேண்டும் என்று அரசை வலியுறுத்தினார். முத்தம்மாவின் பணி மூப்பை மறுபரிசீலனை செய்யவும் உத்தரவிட்டார்.

நெதர்லாந்துத் தூதராக இருந்து 1982ல் ஓய்வு பெற்ற முத்தம்மா, 2009ல் பெங்களூரில் காலமானார். அவர் கண்முன்னே, 2001ல் சோகிலா ஐயர் முதல் பெண் வெளியுறவுச் செயலாளரானார். 2009ல் அந்தப் பதவிக்கு வந்த நிருபமா ராவ், 1973ல் பணியில் சேர்ந்தவர். கொழும்பிலும் பெய்ஜிங்கிலும் இந்தியாவின் தூதராக இருந்தவர். அவருடைய கணவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி, கர்நாடகத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவர்.

ஐ.எஃப்.எஸ். கனவோடு படிக்கும் பெண்களும், அவர்களைப் படிக்கவைக்கும் பெற்றோரும் முத்தம்மா வழக்கின் தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டும். சில பக்கங்கள்தான்.