குறுக்கெழுத்துக் குறிப்புகளும் சொற்பிறப்பும்: ‘ஜாக்’ என்னும் இயற்பெயரை முன்வைத்து

திறவுச்சொற்கள்: குறுக்கெழுத்து, சொற்பிறப்பியல், இயற்பெயர், கடன்சொல், ஒலியொப்புமை

முன்னுரை

ஆர்தர் வின் உருவாக்கிய முதல் குறுக்கெழுத்துப் புதிர் 1913 டிசம்பர் 21இல் நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் வெளிவந்தது. பின்னர் அது பிரித்தானிய இதழ்களில் பூடகக் குறிப்புகள் கொண்ட புதிராக வளர்ந்தது. இவ்வகைக் குறிப்பில் மேலோட்டமாகத் தோன்றும் பொருள் ஒன்று. விடைக்கு இட்டுச்செல்லும் பொருள் வேறொன்று. பல பொருள் தரும் ‘ஜாக்’ போன்ற இயற்பெயர்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

குறிப்பில் ‘ஜாக்’ என வந்தால், சீட்டில் அதற்குரிய ‘ஜே’ என்னும் எழுத்து விடையில் அமையலாம். மாலுமியைக் குறிக்கும் ‘டார்’ என்னும் சொல்லோ, தேர்ந்த கடலோடியைச் சுட்டும் ஏ, பி என்னும் ஈரெழுத்துகளோ அமையலாம். கொடி, பளுதூக்கும் கருவி ஆகியனவும் பொருந்தும். புதிரை விடுவிப்போருக்கு இப்பொருட்பட்டியலே போதும். ஓர் ஆளின் பெயர் இத்தனை பொருள்களை ஏற்றது எவ்வாறு என்பது சொற்பிறப்பியலின் வினா.

பெயர் பொதுச்சொல்லாதல்

‘ஜாக்’ என்பது பிரெஞ்சின் ‘ழாக்’ (விவிலியத்தின் யாக்கோபு) என்னும் பெயரே எனப் பலரும் எண்ணுவதுண்டு. ஆயினும் ஆங்கிலத்தில் அது ‘ஜான்’ (யோவான்) என்பதன் செல்லப்பெயராகவே வழங்கி வந்துள்ளது. ‘ஜான்கின்’, ‘ஜாக்கின்’ என்னும் குறுமை வடிவங்களின் வழியே அது தோன்றியதென 1892இல் நிக்கல்சன் விளக்கினார். ஜான் என்னும் பெயர் மிகப் பரவலாக இருந்தமையால், ‘ஜாக்’ யாரேனும் ஓர் எளிய ஆளைக் குறிக்கலாயிற்று. ஏவலாளும் மாலுமியும் மரம் வெட்டுபவரும் அப்பெயரைப் பெற்றனர். ஏவலாளின் வேலையைச் செய்யும் கருவிக்கும் அதுவே பெயராயிற்று. காலணியைக் கழற்ற உதவும் கட்டையும் பளுதூக்கியும் இவ்வாறு பெயர் பெற்றவை. சீட்டில் அரசன், அரசிக்குக் கீழுள்ள ஏவலாளின் படத்துக்கும் இப்பெயர் பொருந்தியதில் வியப்பில்லை.

தமிழில் ‘ஜாக்கி’

இங்குத் தமிழ் அகராதியியலுக்குரிய சிக்கல் ஒன்று எழுகிறது. தமிழில் ‘ஜாக்கி’ என்பது சீட்டையும், வண்டியைத் தூக்கும் கருவியையும், பந்தயக் குதிரை ஓட்டுபவரையும் குறிக்கும். முதலிரண்டும் ‘ஜாக்’ என்பதிலிருந்து நேரே வந்தவை. மூன்றாவது, ஜாக் என்பதன் ஸ்காட்லாந்து வடிவமான ‘ஜாக்’ என்பதன் குறுமைப் பெயர்வழி வந்தது. ஆங்கிலத்தில் வேறு உயிரொலி கொண்ட இவ்விரு பெயர்களையும் தமிழ் எழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. ஒரே பதிவின்கீழ் மூன்று பொருள்களையும் அடுக்கினால் இவ்விருவழி வரவு மறைந்துவிடும். ‘ஜாக்கெட்’ இவற்றினின்று வேறானது. அதன் மூலமான பழைய பிரெஞ்சுச் சொல்லை, உழவரைக் குறித்த ‘ழாக்’ என்னும் பெயரோடு அறிஞர் பலர் தொடர்புபடுத்துவர்.

ஒலியொப்புமையின் பிழை

புதிரில் ‘ஜாக்’ என்னும் பகுதியைப் பழத்தோடும் விலங்கோடும் சேர்த்து விளையாடலாம்; சொல்லாய்வில் அவ்வாறு சேர்த்தல் பிழையாகும். நரியினத்தைக் குறிக்கும் ‘ஜாக்கல்’ துருக்கி மொழி வழியாகப் பாரசீகத்திலிருந்து வந்தது; வடமொழியின் ‘சிருகால’ அதற்கு இனமானது. ஆளின் பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பலாவைக் குறிக்கும் ‘ஜாக்ஃப்ரூட்’ இன்னும் கருதத்தக்கது. தாவரவியலாளர் வில்லியம் ஜாக்கின் (1795–1822) பெயரால் அது அமைந்தது என்னும் கருத்து ஒன்று உண்டு. காலச்சான்று அதற்கு இடந்தரவில்லை. 1563இல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் போர்த்துகீசிய நூலிலேயே ‘ஜாக்கா’ என்னும் வடிவம் உள்ளது. அவ்வடிவம் மலையாளச் ‘சக்க’ என்பதிலிருந்து பெறப்பட்டது. தமிழில் சாறு நீங்கிய எச்சத்தைக் குறிக்கும் ‘சக்கை’, குமரி மாவட்டப் பேச்சில் இன்றும் பலாவுக்குப் பெயர்.